ஒரு பாடம், ஒரு பென்டிரைவ்: நெட் வராத கிளாஸுக்கு ஓப்பன் மெட்டீரியல் தயார் பண்றது எப்படி

டெக்னாலஜி வச்சு பாடம் நடத்தணும்னு ஆசைப்படற டீச்சர்ஸ் நிறைய பேர் முதல்ல கேக்கறது "நல்ல ஆப் எது?"ங்கறது தான். அங்க இருந்து தொடங்கினா பத்து ஆப் இன்ஸ்டால் பண்ணி, பத்துலயும் அக்கவுண்ட் போட்டு, கொஞ்ச நாள்ல எல்லாத்தையும் விட்டுடுவோம். அதனால இங்க ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கறோம். அதுக்கு நாம மாத்தி எழுத உரிமை இருக்கற பொருளா தேடி, நம்ம புத்தகத்தோட தமிழுக்கு கொண்டு வந்து, நெட் இல்லாம ஓட வச்சு, கடைசியில இன்னொரு ஸ்கூல் டீச்சரும் எடுத்துக்கற மாதிரி வெளியில குடுக்கறது வரைக்கும் பாக்கலாம். எடுத்துக்காட்டுக்கு பத்தாம் வகுப்பு அறிவியல்ல வர்ற மின்னோட்டவியல். நீங்க கணக்கு எடுத்தாலும் சமூக அறிவியல் எடுத்தாலும் வழி இதே தான்.

பசங்க எங்க சிக்கிக்கறாங்க?

முழு பாடத்துக்கும் மெட்டீரியல் பண்ண உக்காராதீங்க, முடியாது. ஒரு முடிச்சை மட்டும் புடிங்க. மின்னோட்டவியல்ல ஓம் விதியை பசங்க மனப்பாடமா சொல்லுவாங்க, வாய்ப்பாட்டுல நம்பர் போட்டு விடையும் கொண்டு வந்துடுவாங்க, மார்க்கும் வரும். ஆனா ஒரு பேட்டரியில ரெண்டு ஒரே மாதிரி பல்பை தொடரா மாட்டினா எது நல்லா எரியும்னு கேட்டுப் பாருங்க, "பேட்டரி பக்கத்துல இருக்கற முதல் பல்பு தான் சார், மிச்ச கரண்ட் தானே ரெண்டாவதுக்கு போகும்"னு நிறைய பேர் சொல்லுவாங்க. மின்னோட்டம் போற வழியில செலவாயிடும்ங்கற இந்த நினைப்பு உலகம் பூரா பசங்க கிட்ட இருக்கு, பிசிக்ஸ் கல்வி ஆராய்ச்சி பண்றவங்க ரொம்ப வருஷமா எழுதிட்டு வர்ற விஷயம் இது. நாம போர்டுல எத்தனை தடவை படம் போட்டு விளக்கினாலும் அசையாது, ஏன்னா கரண்ட் கண்ணுக்கு தெரியாது. இந்த மாதிரி கண்ணுக்கு தெரியாத, மாத்தி மாத்தி பாத்தா தான் புரியற இடத்துக்கு கம்ப்யூட்டர் உண்மையிலேயே உதவும். புத்தகத்துல நாலு வரியில தெளிவா இருக்கற விஷயத்துக்கு வீடியோ தேவையே இல்ல, அந்த நேரத்தை மிச்சம் பண்ணுங்க.

எங்க தேடறது

நம்ம புத்தகத்துலயே க்யூஆர் கோடு இருக்கு. 2018-19ல புது பாடத்திட்டம் வந்தப்ப இருந்து போட்டது, அதை ஸ்கேன் பண்ணா மத்திய அரசோட கல்வி தளமான தீக்ஷாவுக்கு போகும். தீக்ஷா 2017 செப்டம்பர் 5ல தொடங்கினது. அந்த ஆப்ல வீடியோவை முன்னாடியே டவுன்லோட் பண்ணி வச்சுக்கலாம், அது நிறைய பேர் கவனிக்கறதில்ல. முதல்ல அங்க என்ன இருக்குன்னு பாத்துடுங்க, ஏற்கனவே நல்லா இருக்கறதை நாம திரும்ப பண்ண வேண்டாம்.

மின்னோட்டத்துக்கு எனக்கு ரொம்ப புடிச்சது பெட் (PhET) சிமுலேஷன்ஸ், அதாவது கம்ப்யூட்டர் திரையிலயே மாட்டி, மாத்தி மாத்தி பாக்கற சோதனைகள். அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகம், போல்டர்ல இருந்து நடக்குது, 2001ல பிசிக்ஸ் நோபல் பரிசு வாங்கின கார்ல் வீமன் 2002ல தொடங்கினது. நோபல் வாங்கின மனுஷன் ஸ்கூல், காலேஜ் பசங்க எப்படி கத்துக்கறாங்கன்னு உக்காந்து யோசிச்சாரு பாருங்க, அதுக்காகவே மரியாதை வருது. நமக்கு வேண்டியது ரெண்டு: ஒண்ணு "ஓம்ஸ் லா", இன்னொண்ணு "சர்க்யூட் கன்ஸ்ட்ரக்ஷன் கிட் டிசி". தளத்துல மொழி வாரியா பிரிச்சு தேட வசதி இருக்கு, தமிழ்ல நிறைய சிமுலேஷன் வந்தாச்சு. உங்களுக்கு வேண்டியது தமிழ்ல இல்லன்னா அவங்க கிட்ட மொழிபெயர்ப்பு அனுமதி கேட்டு நீங்களே பண்ணலாம், ஒரு சிமுலேஷன்ல இருக்கறது சின்ன சின்ன சொற்கள் தான், அதுக்கு பெரிய கம்ப்யூட்டர் அறிவு எதுவும் வேண்டாம்.

படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ், விக்கிப்பீடியாவோட படக் கிடங்கு. அங்க எஸ்விஜி (கோடு கோடா திருத்தக்கூடிய பட வகை) ஃபைலா இருக்கற படத்தை எடுத்தீங்கன்னா இங்க்ஸ்கேப்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல திறந்து இங்கிலீஷ் லேபிளை அழிச்சுட்டு தமிழ்ல போட்டுடலாம், எவ்வளவு பெருசு பண்ணாலும் படம் கலங்காது. ஃபான்ட்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும், அதுவும் எல்லாருக்கும் திறந்தது.

இன்னொரு விஷயம், தமிழ்ல தேடும்போது இலங்கை பாடநூல் சொற்களையும் போட்டு தேடுங்க. அங்க இயற்பியலை பௌதிகவியல்னும் வேதியியலை இரசாயனவியல்னும் சொல்லுவாங்க. இலங்கை கல்வி அமைச்சோட ஈ-தக்சலாவ தளத்துல தமிழ்வழி பாடங்கள் இருக்கு, நம்ம ஊர் சொல்லை மட்டும் போட்டு தேடினா அது கண்ணுலயே படாது.

லைசென்ஸ் பாக்காம எதையும் எடுக்காதீங்க

இந்த பகுதியை மட்டும் தயவு செஞ்சு தாண்டிப் போகாதீங்க. நெட்ல ஃப்ரீயா பாக்க கிடைக்கறது எல்லாம் நாம எடுத்து மாத்தி குடுக்கலாம்னு அர்த்தம் இல்ல. யூடியூப்ல ஒரு அருமையான வீடியோ இருக்கும், ஃப்ரீ தான், ஆனா அதை வெட்டி நடுவுல உங்க குரலை சேத்து பென்டிரைவ்ல போட்டு பத்து ஸ்கூலுக்கு குடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது. திறந்த கல்வின்னு சொல்றதோட உயிரே இந்த மாத்தற உரிமையில தான் இருக்கு. டேவிட் வைலின்னு ஒரு கல்வியாளர் இதை அஞ்சா பிரிச்சு சொல்லியிருக்காரு: வச்சுக்கறது, திரும்ப பயன்படுத்தறது, மாத்தறது, வேற பொருளோட கலக்கறது, மத்தவங்களுக்கு பகிர்றது. இந்த அஞ்சும் இருந்தா தான் கொலராடோவுல பண்ணின பொருளை உசிலம்பட்டியில இருக்கற டீச்சர் தன் பசங்க பேசற பேச்சுக்கு கொண்டு வர முடியும். 2002ல யுனெஸ்கோ கூட்டத்துல தான் திறந்த கல்வி வளங்கள்ங்கற பேரே பிறந்துச்சு, 2019 நவம்பர்ல அதே யுனெஸ்கோ இதுக்கு ஒரு முறையான பரிந்துரையையே ஏத்துக்கிட்டுச்சு. அரசாங்கங்களே ஒத்துக்கிட்ட விஷயம், நாம ஒளிஞ்சு மறைஞ்சு பண்ற வேலை இல்ல.

நடைமுறையில நீங்க பாக்க வேண்டியது கிரியேட்டிவ் காமன்ஸ் (சுருக்கமா சிசி) அடையாளம், பொருளை மத்தவங்க எப்படி பயன்படுத்தலாம்னு பண்ணவரே சொல்ற லைசென்ஸ் அது. சிசி பைன்னு இருந்தா பேர் போட்டுட்டு என்ன வேணா பண்ணிக்கலாம். அதோட எஸ்ஏ சேந்திருந்தா நீங்க மாத்தி பண்ணினதையும் அதே லைசென்ஸ்ல தான் வெளியிடணும், விக்கிப்பீடியா கட்டுரைகள் இந்த வகை. என்சி இருந்தா வியாபாரத்துக்கு கூடாது. என்டி இருந்தா அப்படியே பகிரலாம், ஆனா மாத்தினதை வெளியிட முடியாது, மொழிபெயர்ப்பும் மாத்தறதுல தான் சேரும், அதனால தமிழ்ல பண்ணலாம்னு நினைச்சு என்டி பொருள்ல கை வச்சுடாதீங்க. இன்னொரு சிக்கல், பை எஸ்ஏ பொருளையும் பை என்சி எஸ்ஏ பொருளையும் ஒண்ணா கலந்து புதுசா ஒரு பாடம் எழுத முடியாது, ரெண்டும் தன்னோட லைசென்ஸ்லயே வெளியிட சொல்லும். விக்கிப்பீடியா பத்தியையும், பை என்சி எஸ்ஏல இருக்கற கான் அகாடமிங்கற பாட தளத்தோட பத்தியையும் கலக்கறவங்க இங்க தான் மாட்டுவாங்க. தனித்தனி ஃபைலா பக்கத்துல பக்கத்துல வச்சுக் குடுத்தா பிரச்சனை இல்ல.

நம்ம ஊர் சட்டமும் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்துல 52வது பிரிவு இருக்கு, பாடம் நடத்தற வேலையில ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகல் எடுத்தா அது மீறல் ஆகாதுன்னு சொல்லுது. டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்குல 2016ல டெல்லி உயர் நீதிமன்றம் இதே பிரிவை வச்சு தான் மாணவர்கள் பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. அதனால உங்க கிளாஸுக்குள்ள நடத்த ஒரு பக்கத்தை நகல் எடுக்க பயப்படாதீங்க. ஆனா அதே பக்கத்தை நெட்ல ஏத்தி ஊருக்கே குடுக்கறது வேற கதை. வெளியில குடுக்கப் போற ஃபைல்ல திறந்த லைசென்ஸ் பொருளும் நீங்களே எழுதினதும் மட்டும் இருக்கட்டும். அரசு பாடநூல் பிடிஎஃப் இலவசமா டவுன்லோட் ஆகுதே, அதுல இருந்து படத்தை வெட்டி போட்டுக்கலாமேன்னு தோணும், வேண்டாம், "புத்தகம் இந்த பக்கம் பாக்கவும்"னு எழுதினாலே போதும், புத்தகம் தான் எல்லார் கையிலயும் இருக்கே.

எடுத்த ஒவ்வொரு பொருளுக்கும் நாலு விஷயத்தை அப்பவே ஒரு நோட்டுல குறிச்சுக்கோங்க: தலைப்பு, யார் பண்ணது, எங்க இருந்து எடுத்தது, என்ன லைசென்ஸ். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா கண்டுபுடிக்க ஒரு ராத்திரி போயிடும்.

நம்ம தமிழுக்கு கொண்டு வர்றது

இப்ப மெஷின் மொழிபெயர்ப்பு சீக்கிரமா பண்ணிக் குடுக்குது, நல்லது தான், ஆனா கலைச்சொல்லை மட்டும் நீங்க உக்காந்து புத்தகத்தோட ஒப்பிட்டே ஆகணும். புத்தகத்துல மின்தடைன்னு இருக்கும், மெஷின் ஒரு இடத்துல எதிர்ப்புன்னு போடும், இன்னொரு இடத்துல தடுப்புன்னு போடும். பரிட்சை எழுதப் போற புள்ளைக்கு ஒரே பொருளுக்கு மூணு பேர் குடுத்தா அதுவே புது குழப்பம். பாடத்துல வர்ற முக்கியமான சொல் எல்லாத்தையும் ஒரு பக்கத்துல எழுதி வச்சுக்கிட்டு அதையே முழுசும் பயன்படுத்துங்க. விளக்கம் எழுதும்போது நீங்க கிளாஸ்ல பேசற பேச்சுலயே எழுதுங்க, கையால டைப் பண்ண கஷ்டமா இருந்தா போன்ல ஜிபோர்டுங்கற கூகுள் கீபோர்டோட வாய்ஸ் டைப்பிங் தமிழ் நல்லாவே எடுக்குது.

எழுதறது யூனிகோடுல (எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி தெரியற பொது எழுத்து முறை) இருக்கணும். நிறைய ஸ்கூல்ல வினாத்தாள் இன்னும் பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்டுல தான் இருக்கு, அந்த ஃபைலை வேற மெஷின்ல திறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்து குப்பையா தெரியும், தேடவும் முடியாது, அடுத்தவங்க திருத்தவும் முடியாது. கன்வெர்ட்டர் நிறைய இருக்கு, ஒரு தடவை மாத்தினா வேலை முடிஞ்சுது. பிடிஎஃப் மட்டும் குடுக்காதீங்க, திருத்தக்கூடிய டாக்குமெண்ட் ஃபைலையும் சேத்துக் குடுங்க.

ஒர்க்‌ஷீட் தான் முக்கியம், சிமுலேஷன் அதுக்கு துணை. சும்மா திறந்து விட்டா பசங்க பேட்டரிக்கு குறுக்கு இணைப்பு குடுத்து தீ வர்றதை பாத்து சிரிச்சுட்டு போயிடுவாங்க (அதையும் அஞ்சு நிமிஷம் விட்டுடுங்க, ஷார்ட் சர்க்யூட் மறக்கவே மறக்காது). அப்புறம் இந்த வரிசையில கேளுங்க. சர்க்யூட் கிட்ல பேட்டரி 9 வோல்ட், பல்பு 10 ஓம்னு தான் முதல்ல வரும். ஒரு பல்பை மாட்டி அம்மீட்டர் வச்சா 0.9 ஆம்பியர் காட்டும். இப்ப ரெண்டாவது பல்பை தொடரா சேக்கறதுக்கு முன்னாடி நிறுத்துங்க. முதல் பல்புக்கு முன்னாடி, ரெண்டு பல்புக்கும் நடுவுல, ரெண்டாவதுக்கு அப்புறம், இந்த மூணு இடத்துலயும் எவ்வளவு மின்னோட்டம் வரும்னு பேப்பர்ல எழுத சொல்லுங்க. எழுதின பிறகு தான் மாட்டணும். மூணு இடத்துலயும் 0.45 தான் காட்டும். முகத்தை பாக்கணுமே அப்போ. வெளிச்சமும் குறையும், ஒவ்வொரு பல்புக்கும் கிடைக்கற திறன் முன்ன இருந்ததுல நாலுல ஒரு பங்கு தான், ஏன்னு கணக்கு போட வைங்க. அடுத்து அதே ரெண்டு பல்பை பக்கமா இணைச்சா மொத்தம் 1.8 ஆம்பியர், ஒவ்வொண்ணுலயும் 0.9. இங்க "அப்போ பேட்டரி எப்பவும் ஒரே அளவு கரண்ட் தான் குடுக்கும்னு நினைச்சோமே?"ன்னு யாராவது கேட்டுட்டா அன்னைக்கு பாடம் ஜெயிச்சாச்சு.

முதல்ல கணிக்க வச்சு, எழுத வச்சு, பக்கத்துல இருக்கறவனோட வாதம் பண்ண வச்சு, அப்புறம் காட்டறது. ஹார்வர்டுல பிசிக்ஸ் நடத்தற எரிக் மசூர் 1990கள் தொடக்கத்துல இருந்தே மாணவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசி விடையை மாத்திக்கற முறையை தன் கிளாஸ்ல பயன்படுத்திட்டு வர்றாரு, அதுக்கு எந்த மெஷினும் தேவையில்ல. விடை 1, 2, 3, 4ன்னு குடுத்து நெஞ்சுக்கு பக்கத்துல விரல் காட்ட சொன்னா யார் எங்க இருக்கான்னு உங்களுக்கு ஒரே பார்வையில தெரிஞ்சுடும், பின்னாடி பெஞ்சு புள்ளைக்கும் கூச்சம் இருக்காது.

சிமுலேஷனோட நிறுத்தாம நிஜ பேட்டரி, டார்ச் பல்பு, ஒயர் வச்சும் ஒரு தடவை பண்ணுங்க. சிமுலேஷன்ல பேட்டரிக்கு உள்ளே தடை பூஜ்ஜியம், பல்போட தடையும் சூடானா மாறாது. நிஜத்துல பழைய பேட்டரியில ரெண்டு பல்பை பக்கமா மாட்டினா ரெண்டுமே கொஞ்சம் மங்கும், இழை சூடாக சூடாக தடையும் ஏறும். இந்த வித்தியாசத்தை பசங்களே கண்டுபுடிக்கட்டும். கம்ப்யூட்டர் காட்டறது ஒரு மாதிரி தான்னு அவங்களுக்கு அப்ப தான் தெரியும்.

நெட் இல்லாம ஓட வைக்கறது

பெட் தளத்துல எச்டிஎம்எல்5 (ப்ரவுசர்லயே ஓடற வகை) சிமுலேஷன் ஒவ்வொண்ணுக்கும் டவுன்லோட் பட்டன் இருக்கு, அமுக்கினா ஒரே ஒரு ஃபைல் வரும், எல்லாமே அதுக்குள்ள இருக்கு. அதை பென்டிரைவ்ல போட்டு ஹைடெக் லேப் மெஷின்ல குரோம்ல திறந்தா நெட் இல்லாமலே ஓடும், இன்ஸ்டால் பண்ண வேண்டாம், அட்மின் பாஸ்வேர்டும் வேண்டாம். லேப் பொறுப்பாளர் கிட்டயும் எச்எம் கிட்டயும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிட்டு, பாடத்துக்கு முந்தின நாளே எல்லா மெஷின்லயும் திறந்து பாத்துடுங்க. ஓடாத மெஷின் ரெண்டு மூணு இருக்கத்தான் செய்யும், அதுக்கேத்த மாதிரி பசங்களை மூணு மூணு பேரா பிரிச்சுக்கலாம், தனித்தனியா உக்கார்றதை விட அதுல பேச்சும் நல்லா நடக்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒண்ணை நினைவுல வச்சுக்கோங்க, போன் அப்பாவோடது, அவர் வேலை முடிஞ்சு வந்த அப்புறம் தான் புள்ளை கைக்கு வரும், டேட்டாவும் அன்னைக்கு மிச்சம் இருக்கறது தான். லைவ் கிளாஸ், நிமிஷ கணக்கு வச்ச க்விஸ் இதெல்லாம் அந்த புள்ளையை வெளிய தள்ளிடும். வாட்ஸ்அப்ல சிமுலேஷனை டாக்குமெண்டா அனுப்புங்க, திறக்கலன்னா ஃபைல் மேனேஜர்ல போய் குரோம்ல திறக்க சொல்லுங்க. வீடியோ பண்ணினா மூணு நாலு நிமிஷத்துக்கு மேல வேண்டாம், 480பி போதும். போனே இல்லாத புள்ளைக்கு சிமுலேஷன்ல வர்ற முக்கியமான திரைகளோட படத்தையும் கேள்வியையும் ஏ4 பேப்பர்ல அடிச்சுக் குடுங்க, இது கண்டிப்பா வேணும்.

ஒரு பாடம் நல்லா போச்சுன்னா பெருசா போகலாம். கோலிப்ரின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், லேர்னிங் ஈக்வாலிட்டிங்கற லாப நோக்கமில்லா அமைப்பு பண்றது. ஒரு லேப்டாப்லயோ ராஸ்பெர்ரி பைங்கற கையடக்க கம்ப்யூட்டர்லயோ போட்டு, நெட் இருக்கற இடத்துல வேண்டிய பாடங்களை இறக்கிட்டு வந்தா, கிளாஸ்ல அதோட வைஃபையில மத்த மெஷின்களும் போன்களும் ப்ரவுசர்லயே பாக்கலாம். இதே மாதிரி கிவிக்ஸ் ஆப்ல தமிழ் விக்கிப்பீடியா முழுசையும் ஒரே ஃபைலா வச்சுக்கலாம். 2003ல தொடங்கின தமிழ் விக்கிப்பீடியாவுல இப்ப ஒன்றரை லட்சத்துக்கு மேல கட்டுரை இருக்கு, அத்தனையும் ஒரு பென்டிரைவ்ல அடங்கும், நூலகம் இல்லாத ஸ்கூலுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க.

கண் பார்வை இல்லாத புள்ளை கிளாஸ்ல இருந்தா என்விடிஏங்கற இலவச ஸ்கிரீன் ரீடர் தமிழை படிச்சுக் காட்டும், ஆனா யூனிகோடு எழுத்தா இருந்தா மட்டும் தான், ஸ்கேன் பண்ண படத்தை அதால படிக்க முடியாது. நீங்க போடற ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி விவரிப்பு எழுதிடுங்க.

மத்த பாடம் எடுக்கறவங்களுக்கு சுருக்கமா: தொடக்கப் பள்ளின்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்ல சிசி பை லைசென்ஸ்ல தமிழ் கதைகள் ஏராளம், உங்க ஊர் பேச்சுக்கு மாத்தி புது கதையாவே வெளியிடலாம். தமிழாசிரியர்னா பழைய தமிழ் நூல்களை நெட்ல இலவசமா குடுக்கறதுக்கு 1998 பொங்கல்ல தொடங்கின மதுரைத் திட்டத்துல சங்க இலக்கியம் முழுக்க இருக்கு, முதல் பக்க குறிப்பை எடுக்காம அப்படியே பகிரலாம். கணக்குக்கு வடிவமும் வரைபடமும் வரைஞ்சு மாத்திப் பாக்கற ஜியோஜீப்ரா சாஃப்ட்வேர்.

வெளியில குடுக்கறது

நீங்க பண்ணினதை உங்க பென்டிரைவ்லயே பூட்டி வைக்காதீங்க. நாம எடுத்தது யாரோ திறந்து விட்டதால தான் கிடைச்சுது. முதல் பக்கத்துல தலைப்பு, உங்க பேர், தேதி, எந்த வகுப்பு எந்த பாடம், எடுத்த பொருள்களோட பட்டியல், கீழே "இந்த ஒர்க்‌ஷீட் சிசி பை எஸ்ஏ 4.0"ன்னு ஒரு வரி. இது இல்லன்னா நீங்க மனசார குடுத்தாலும் சட்டப்படி அடுத்தவங்க தொட முடியாது, எழுதின நொடியிலயே காப்புரிமை உங்களோடதா ஆயிடுது. படம் வரைஞ்சிருந்தா விக்கிமீடியா காமன்ஸ்லயும், முழு தொகுப்பை இன்டர்நெட் ஆர்கைவ்லயும் ஏத்துங்க, அங்க லைசென்ஸ் தேர்ந்தெடுக்க இடம் இருக்கு. பசங்க முகம் தெரியற போட்டோ, பேர், மார்க் எதுவும் அதுல வரக்கூடாது. பாடம் நல்லா நடந்த சந்தோஷத்துல கிளாஸ் போட்டோவை சேத்துடுவோம், அதை மட்டும் எடுத்துடுங்க.

ஃபைல் பேர்ல வகுப்பு, பாடம், தேதி மூணையும் போடுங்க. யாழ்ப்பாணத்துல இருந்தோ திருநெல்வேலியில இருந்தோ ஒருத்தர் எடுத்து கலைச்சொல்லை மாத்தி, ரெண்டு கேள்வியை தூக்கிட்டு வேற கேள்வி போட்டு திருப்பி அனுப்பினா எது புதுசுன்னு குழப்பம் வராது. அவங்க மாத்தினதுல உங்க பசங்களுக்கு எது ஒத்து வருதோ அதை எடுத்து, அவங்க பேரையும் முதல் பக்கத்துல சேத்து, புது தேதி போட்டு திரும்ப ஏத்திடுங்க.